எனக்கு வராத மஞ்சக்காமாலை

எனக்கு மஞ்சக்காமாலை வந்ததே இல்ல. இன்னிய வரைக்கும் வரல. ஆனா பத்தாவது படிக்கறப்ப உப்பில்லாம, புளியில்லாம, எண்ணெயில்லாம பதினாறு நாளு பத்தியம் இருந்திருக்கேன். தெனம் காலையில வெறும் வயித்துல கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலக்கிக் குடிச்சிருக்கேன். இத சொன்னா ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சுகிட்டேதான் சொல்லுவேன். ஆனா அந்த பதினாறு நாளுக்கு முன்னாடி பெரியவங்க எது சொன்னாலும் அப்படியே நம்பற புள்ள நான். அதுக்கப்பறம் அந்தப் புள்ள இல்ல.

எங்க ஊரு அரியலூர்லேருந்து பெரம்பலூர் போற ரோட்டு மேல இருக்கு. டவுன் பஸ்ஸு நிக்கும், அவ்வளவுதான் பெருமை. எங்கப்பா டிப்பர் லாரி டிரைவரு. சுரங்கத்துல சுண்ணாம்புக்கல்ல ஏத்திகிட்டு போயி சிமெண்ட் ஃபேக்டரியில கொட்டிட்டு வரணும், ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. எங்க தாத்தா வரைக்கும் எங்க குடும்பத்துல எல்லாரும் அடுத்தவங்க வயல்ல எறங்கி வேலை செஞ்சவங்க. அப்பாதான் முதல்ல லைசென்ஸு எடுத்தவரு. படிப்பு அஞ்சாவதோட சரி. கையெழுத்து போடுவாரு, பஸ் போர்டு படிப்பாரு, அதுக்கு மேல வளவளன்னு நீளமா எழுதியிருந்தா கண்ண சுருக்குவாரு.

அந்த அப்பா மேல எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. ஊசி போடக் கூட்டிகிட்டு போனா ஊர்ல எல்லா அப்பாவும் "வலிக்காதுடா கண்ணு"ன்னு சொல்லி ஏமாத்துவாங்க. எங்கப்பா "வலிக்கும் பாப்பா, கொஞ்ச நேரம் பல்ல கடிச்சுக்க"ன்னு சொல்லுவாரு. வலிக்கும். சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்துல போயிரும். அதனால அவரு வாயில பொய் வரும்னு நான் கனவுல கூட நெனச்சதில்ல.

என்னை டவுன்ல ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்துல சேத்திருந்தாரு. பேரு வேணாம். அந்தப் பள்ளிக்கூடத்து காம்பவுண்டு சுவரு, பஸ்ஸோட முதுகு, நோட்டு அட்டை, எதுல பாத்தாலும் "பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி"ன்னு எழுதியிருக்கும். அந்த நூற பாத்துத்தான் அப்பா மயங்கினாரு. நானோ அரைப் பரிட்சையில கணக்குல பத்தொம்போது. சயின்ஸு தட்டுத்தடுமாறி கரையேறிடுச்சு. பத்தொம்போது வாங்கினதுக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சுதான், இல்லன்னு சொல்லல. ஆனா கணக்கு டீச்சர் நடத்துற வேகத்துக்கு நான் நோட்டுல தலைப்பு எழுதி முடிக்கறதுக்குள்ள அவங்க மூணாவது கணக்குல நிப்பாங்க. அதையும் சொல்லணும்ல.

ஃபெயில் ஆன ஏழு பேர தனியா பிரிச்சு சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து ரூம்ல உக்கார வச்சாங்க. பேரு ஸ்பெஷல் பேட்ச். ஸ்பெஷலா யாரும் வந்து சொல்லிக்குடுக்கல, அது வேற விஷயம். பொங்கல் லீவு வர்றதுக்குள்ள ஏழு நாலாச்சு. என் பக்கத்துல உக்காந்திருந்தவளுக்கு டைபாய்டுன்னாங்க. ஒருத்தனுக்கு அம்மைன்னாங்க. இன்னொருத்தி டி.சி. வாங்கிகிட்டு போயிட்டா. அந்த வருஷம் எங்க பள்ளிக்கூடத்துல வியாதியெல்லாம் மக்குப் புள்ளைங்களா பாத்துத்தான் வந்துச்சு. அது அப்ப எனக்கு ஒறைக்கல. அய்யோ பாவம்னு டைபாய்டுக்காரிக்காக சாமி கும்பிட்டேன்.

பொங்கல் முடிஞ்சு மூணாம் நாளு எங்கப்பாவ பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரு ரொம்ப நேரம் கைகால் கழுவினாரு. அப்பறம் என்னை வாசல் வெளிச்சத்துல நிக்க வச்சு, கண்ணு ரப்பைய கீழ இழுத்துப் பாத்தாரு.

"மஞ்சளா இருக்கே பாப்பா. காமாலை மாதிரி தெரியுது."

அம்மா அடுப்படிய விட்டு வெளிய வரல. நான் ஓடிப் போயி கண்ணாடியில பாத்தேன். என்னத்த சொல்ல, எனக்கும் மஞ்சளாத்தான் தெரிஞ்சுது. அப்பா சொல்லிட்டாரு இல்ல, தெரியாம எப்படி இருக்கும்.

அடுத்த திங்கக்கிழமை பெரம்பலூர்ல ஒரு டாக்டருகிட்ட கூட்டிகிட்டு போனாரு. என்னை வெளிய பெஞ்சுல உக்கார வச்சுட்டு அப்பா மட்டும் உள்ள போயி, ஒரு கவரோட வெளிய வந்தாரு. டாக்டரு என்னை கூப்பிடவே இல்ல. "என்னைப் பாக்க வேணாமாப்பா"ன்னு கேட்டதுக்கு, "கதவு சந்துலேயே பாத்துட்டாரு பாப்பா, கண்ணே சொல்லுதுன்னாரு"ன்னாரு. எவ்வளவு கெட்டிக்கார டாக்டருன்னு நெனச்சேன். அங்கேருந்து சிறுவாச்சூருக்கு பஸ்ஸு ஏறி, காளி கோயில்ல அப்பா கண்ண மூடிகிட்டு நின்னாரு பாருங்க, பின்னாடி கூட்டம் தள்ளுது, பூசாரி நகரச் சொல்றாரு, மனுஷன் அசையல. என் ஈரலுக்காகத்தான் இப்படி வேண்டிக்கறாருன்னு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அவரு அங்க வேண்டினது என்னன்னு இப்ப எனக்குத் தெரியும்.

பத்தியம் தொடங்குச்சு. வரப்புல கீழாநெல்லி பறிச்சுகிட்டு வந்து அம்மா அரைச்சுக் குடுப்பாங்க. மதியம் குழைஞ்ச சோறும் உப்பில்லாத மோரும். ராத்திரிக்கும் அதே. நாலாம் நாளு எனக்கு கால் நடுங்க ஆரம்பிச்சுது. உப்பில்லாத சோத்த தின்னா எவனுக்குத்தான் நடுங்காது. ஆனா அப்ப, பாரு நோவு ஏறிகிட்டே போவுதுன்னு நான் பயந்து போயி இன்னும் ஒரு வாய் கீழாநெல்லி சேத்துக் கேட்டு வாங்கிக் குடிச்சேன். அம்மா டம்ளர குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க.

எங்க தமிழ் டீச்சர் ஒரு நாள் பாக்க வந்தாங்க. கட்டுரை நோட்டுல எனக்கு மட்டும் ரெண்டு வரி பாராட்டி எழுதுவாங்க, அதுக்காகவே நான் தமிழ விழுந்து விழுந்து படிப்பேன். கை நெறைய சாத்துக்குடி வாங்கிகிட்டு வந்து, என் தலைய தடவி, "உடம்புதான் முக்கியம். பரிட்சைய அடுத்த வருஷம் கூட எழுதிக்கலாம்"னாங்க. அவ்வளவு தூரம் பஸ்ஸு மாறி எனக்காக வந்திருக்காங்களேன்னு அவங்க போனதும் சந்தோஷத்துல அழுதேன். இத எழுதறப்ப கூட எனக்கு என் மேலயே எரிச்சலா வருது.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க பக்கத்துல காமாலைப் பத்தியம்னா வெளையாட்டு இல்ல. அதுக்கு முந்தின வருஷம் எதிர் வீட்டு அக்காவுக்கு நெசமாவே காமாலை. ஒரு நாள் ஆசைக்கு ஒரு அப்பளத்த பிச்சு வாயில வைக்கப் போனாங்க. எங்கம்மா தெருவத் தாண்டி ஓடிப் போயி அந்த அப்பளத்த புடுங்கி கோழிக்கு வீசிட்டு, "சாவணும்னு ஆசையா இருந்தா சொல்லு, உம் புருஷனுக்கு வேற பொண்ணு பாக்கறோம்"னு சத்தம் போட்டுட்டு வந்தாங்க. எண்ணெய் சட்டி வாசனை வந்தா கூட ஜன்னல சாத்தச் சொல்ற ஆளு எங்கம்மா.

பதினாறாம் நாளு புதன்கிழமை. அப்பா வேலைக்குப் போயிட்டாரு. அம்மா வாளைக் கருவாட்டுல கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு குழம்பு வச்சிருந்தாங்க. அப்பாவுக்கு டிபன் கட்டிக் குடுத்தது போக மிச்சம் சட்டியில இருக்கு. அந்த வாசனை இருக்கே, பதினாறு நாளு வெள்ளைச் சோறு தின்னவளுக்குத்தான் அதோட அருமை தெரியும். நான் எதுவும் கேக்கல. தலைய குனிஞ்சுகிட்டு மோர்சோத்த உருட்டிகிட்டு இருந்தேன். அம்மா எதிர்ல உக்காந்து என்னையே பாத்துகிட்டு இருந்தாங்க. திடீர்னு எழுந்து போயி ஒரு கரண்டி குழம்பும் ரெண்டு துண்டு கருவாடும் எடுத்துகிட்டு வந்து என் தட்டுல ஊத்துனாங்க.

"தின்னுடி பாப்பா. ஒண்ணும் ஆயிடாது."

நான் தின்னேன். வெக்கத்த விட்டுச் சொல்றேன், யோசிக்கவே இல்ல, மொத்தத்தையும் தின்னேன். ரெண்டாவது தடவையும் வாங்கினேன். வெரல நக்கிகிட்டு இருக்கறப்பதான் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு அப்பளத்துக்காக தெருவத் தாண்டி ஓடின பொம்பளை, பெத்த புள்ளைக்கு காமாலையில கருவாட்டுக் குழம்பு ஊத்துது. ஒண்ணு, எங்கம்மா என்னைக் கொல்லப் பாக்கறாங்க. இல்லன்னா எனக்கு காமாலையே இல்ல. எங்கம்மா என்னைக் கொல்ல மாட்டாங்க.

"எனக்கு ஒண்ணும் இல்லதானம்மா?"

அம்மா முந்தானையால வாயப் பொத்திகிட்டு அழுதாங்க. அப்பறம் எல்லாத்தையும் கொட்டினாங்க. "உங்க ஸ்கூலு பெரிய மேடம்தான் அப்பாவ கூப்பிட்டாங்க. எழுதித் தோத்தா ஃபெயில்னு விழுந்துரும், காலத்துக்கும் அழியாது, பத்தாவது ஃபெயிலுன்னா அந்தப் பொண்ணு வாழ்க்கையே போச்சுன்னாங்க. உடம்பு சரியில்லன்னு இந்த வருஷம் விட்டுட்டா அடுத்த வருஷம் நாங்களே பாஸ் பண்ண வைக்கறோம்னாங்க. புள்ளைகிட்ட சொல்லாதீங்க, மனசு ஒடைஞ்சு போயிரும்னும் சொன்னாங்களாம். உங்கப்பா பயந்துட்டாரு பாப்பா. படிச்சவங்க சொல்றாங்க, நமக்கு என்ன தெரியும்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பத்திகிட்டு வந்துச்சு. பெரிய மேடம் மேல கூட அவ்வளவு இல்ல. அவங்க யாரோ. வலிக்கும்னா வலிக்கும்னு சொன்ன மனுஷன், என் கண்ணு ரப்பைய தன் கையால இழுத்துப் பாத்து பொய் சொல்லியிருக்காரு. நான் அந்தக் கசப்ப குடிக்கறப்ப தெனம் காலையில பக்கத்துல நின்னு, "சமத்து, ஒரே மடக்கா முழுங்கிரு"ன்னு சொல்லியிருக்காரு. தட்ட கழுவுற சாக்குல பாத்திரத்த எல்லாம் போட்டு உருட்டினேன். அம்மா "அப்பாகிட்ட சொல்லாதடி"ன்னு கெஞ்சினாங்க. சொல்லல. பேசினாத்தானே சொல்றதுக்கு.

வர்ற திங்கக்கிழமை சயின்ஸு பிராக்டிகல். அதுக்குப் போகலன்னா அந்த மார்க்கு மொத்தமா போயிரும், அப்பறம் நான் பொரண்டாலும் இந்த வருஷம் பாஸ் ஆக முடியாது. அவங்க கணக்கே அதுதான். எழுதித் தோத்தா அவங்க நூறு ஒடையும். எழுத வரவே இல்லன்னா அது ஆப்சென்ட்டு, சதவீதத்துல சேராது. என் கையில இருந்தது நாலு நாளு.

வியாழக்கிழமை காலையில அப்பா கெளம்பினதும் யூனிபார்ம மாட்டிகிட்டு பஸ்ஸு ஏறிட்டேன். நேரா பெரிய மேடம் ரூமுக்குப் போனேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை, எல்லாரையும் "கண்ணா"ன்னு கூப்பிடுவாங்க.

"என்ன கண்ணா, உடம்பு சரியில்லாம எதுக்கு வந்த?"

"உடம்பு நல்லா இருக்கு மேடம். என் கண்ண பாருங்க."

"டாக்டர் சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்?" ஃபைல எடுத்து விரிச்சாங்க. பெரம்பலூர் டாக்டரோட சர்டிபிகேட்டு. அதுக்குக் கீழ எங்கப்பா குடுத்த மாதிரி ஒரு லெட்டரு. என் மகளுக்கு மஞ்சள் காமாலை, இவ்வருடம் தேர்வு எழுத இயலாது, அடுத்த வருடம் எழுதுவாள். அடியில எங்கப்பாவோட கோணக் கையெழுத்து. மேல இருந்த எழுத்து அவரோடது இல்ல. அந்த எழுத்த நான் இருட்டுல கூட கண்டுபிடிப்பேன். என் கட்டுரை நோட்டுல ரெண்டு வரி பாராட்டி எழுதின அதே கை. சாத்துக்குடி வாங்கிகிட்டு வந்த கை.

மேடம் ஃபைல மூடிட்டு, "தொத்து வியாதிம்மா, மத்த புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு"ன்னாங்க. வாட்ச்மேன் என்னை கேட்டு வரைக்கும் கொண்டு வந்து விட்டாரு.

வெளிய வந்து காம்பவுண்டு சுவத்துல சாஞ்சுகிட்டு அழுதேன். மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதேன். இனிமே யாருகிட்ட போறது. அப்பா பொய், அம்மா பொய், டீச்சர் பொய், டாக்டரு பொய். எனக்காகப் பேச ஒரு பெரியவங்க கூட மிச்சம் இல்ல. அழுது முடிச்சதும் மண்டை கொஞ்சம் தெளிஞ்சுது. அவங்ககிட்ட ஒரு பேப்பர் இருக்கு, எனக்கு நோவுன்னு. நானும் ஒரு பேப்பர் வாங்குவோம்னு தோணுச்சு. பாவாடையால மூஞ்சிய தொடைச்சுகிட்டு பெரியாஸ்பத்திரிக்கு நடந்தேன்.

சீட்டு வாங்கி, லைன்ல நின்னு உள்ள போனா ஒரு லேடி டாக்டர். நிமிந்து பாக்காமயே "என்னம்மா பண்ணுது"ன்னாங்க.

"ஒண்ணும் பண்ணல டாக்டர். ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க."

இப்ப நிமிந்தாங்க. "காலையிலேருந்து உக்காந்திருக்கேன். வர்ற பசங்க எல்லாம் காய்ச்சல்னு எழுதிக் குடுங்கன்னு கேக்குது. நீ என்ன புதுசா இருக்க?"

"எனக்கு காமாலைன்னு சொல்லிட்டாங்க. இல்ல. பரிட்சை எழுதணும்."

கண்ண பாத்தாங்க, நாக்க நீட்டச் சொன்னாங்க, வயித்த அமுக்கினாங்க. ரத்தம் எடுக்க அனுப்பினாங்க. பன்னெண்டு மணிக்கு ரிசல்ட்டு. டாக்டர் பாத்துட்டு, காமாலை இல்ல, பள்ளிக்கூடம் போகலாம்னு எழுதி சீல் வச்சுக் குடுத்தாங்க. முந்தின நாளா இருந்தா நன்றி சொல்லிட்டு வாங்கிகிட்டு வந்திருப்பேன். இப்ப நான் லேப் ஜன்னலுக்குத் திரும்பப் போயி, இது என்ன நம்பர், எவ்வளவு இருந்தா காமாலை, எனக்கு எவ்வளவு இருக்குன்னு ஒவ்வொண்ணா கேட்டேன். அந்த ஆளு "ஏம்மா, டாக்டரே சொல்லிட்டாங்களே"ன்னாரு. "நீங்களும் சொல்லுங்க"ன்னேன். எல்லாத்தையும் ஒத்துப் பாத்துட்டுத்தான் கெளம்பினேன்.

மறுபடியும் பெரிய மேடம் ரூமு. பேப்பர மேஜை மேல வச்சேன். படிச்சுப் பாத்தாங்க, கண்ணா கிண்ணா எல்லாம் இல்ல, போன எடுத்து எங்கப்பாவ கூப்பிட்டாங்க. ஒரு மணி நேரத்துல வந்தாரு. லாரிய பாதியில விட்டுட்டு வந்திருக்காரு. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி, இமை முடி கூட வெள்ளையா இருந்துச்சு. நாற்காலி இருந்தும் உக்காரல. துண்ட கையில வச்சுகிட்டு மேடத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"பொண்ணு என்னென்னமோ பேப்பர் வாங்கிட்டு வந்திருக்கா. நாம பேசுனது என்ன, நீங்களே எடுத்துச் சொல்லுங்க"ன்னாங்க மேடம்.

நான் முந்திகிட்டேன். "எனக்கு காமாலை இருக்காப்பா?"

அவரு தரையைப் பாத்தாரு. மேடம் "சின்னப் புள்ள முன்னாடி இதெல்லாம் எதுக்கு"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் அப்பா மூஞ்சிய விட்டு கண்ண எடுக்கல. அவரு இருக்குன்னு சொன்னா நான் தொலைஞ்சேன். என் பேப்பர் செல்லாது, அவரு கையெழுத்துத்தான் செல்லும்.

"இல்ல பாப்பா"ன்னாரு.

"மேடத்துகிட்ட சொல்லுங்க."

"இல்லங்க மேடம். எம்புள்ளைக்கு ஒரு நோவும் இல்ல. நீங்க சொன்னீங்கன்னு நான்தான் பொய் சொன்னேன். அந்த லெட்டர குடுத்துருங்க."

"ஃபெயில் ஆயிட்டா என்ன பண்ணுவீங்க? அவளுக்குத்தான் அசிங்கம்."

அப்பா வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சொன்னேன். "எனக்கு வர்ற ஃபெயில எனக்கே குடுத்துருங்க மேடம். நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமை பிராக்டிகல்ல என்னை உக்கார விடலன்னா என் சர்டிபிகேட்ட எடுத்துகிட்டு கல்வி ஆபீஸ் வாசல்ல போயி உக்காந்துருவேன். இதுவும் உங்க ஃபைல்ல இருக்கறதும், ரெண்டுல எது நெசம்னு அவங்க பாக்கட்டும்."

"வாய் ரொம்ப நீண்டு போச்சு"ன்னாங்க. ஆமா, நீண்டுதான் போச்சு. அன்னிலேருந்து சுருங்கவே இல்ல. கொஞ்ச நேரம் பேனா மூடிய தொறந்து தொறந்து மூடிட்டு, "திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துரு"ன்னாங்க. அப்பா லெட்டர வாங்கி அங்கேயே நாலா கிழிச்சு சட்டைப் பையில போட்டுகிட்டாரு.

பஸ்ஸுல நான் லேடீஸ் சீட்டுல தனியா உக்காந்துகிட்டேன். அப்பா பின்னாடி நின்னுகிட்டு வந்தாரு. ஜெயிச்சுட்டேன்னு சந்தோஷம் ஒரு பக்கம், அவரு மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல ஒரு பக்கம். ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மறுநாளு டைபாய்டுக்காரி வீட்டுக்குப் போனேன். எங்க ஊருக்கு ரெண்டு ஸ்டாப்பு தள்ளி. பிரெட்டும் பாலும் தின்னு தின்னு கன்னம் உப்பி நல்லா இருந்தா. "உனக்கு டைபாய்டு இல்லடி"ன்னேன். அவங்கம்மா என்னைத் திட்டி வெளிய போகச் சொன்னாங்க. நான் வாசல்ல நின்னுகிட்டே நடந்தத எல்லாம் தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னேன். பாவம், எங்கம்மா மாதிரி அவங்களும் அழுதுட்டாங்க. திங்கக்கிழமை காலையில பிராக்டிகலுக்கு நான் போயி நிக்கறப்ப அவ எனக்கு முன்னாடியே வந்து நின்னுகிட்டு இருந்தா. அம்மைக்காரன் மட்டும் வரல. அவன வெளியூருக்கு அனுப்பிட்டாங்களாம். அவன நெனச்சா இப்பவும் எனக்கு ஆத்தாமைதான்.

மிச்சம் இருந்தது கணக்கு. நாங்க ரெண்டு பேரும் யாரையும் நம்பல, எங்களையே நம்பினோம். பழைய கேள்வித்தாள எல்லாம் விரிச்சு வச்சுப் பாத்தோம். கிராஃபும் ஜியோமெட்ரியும் வருஷா வருஷம் வருது, தப்பில்லாம போட்டா முழு மார்க்கு. அத முதல்ல புடிச்சோம். எங்க வீட்டு மாடியில தண்ணி டேங்க் நெழல்ல உக்காந்து, வட்டம் போட்டு தொடுகோடு வரைஞ்சு, வட்டம் போட்டு தொடுகோடு வரைஞ்சு, காம்பஸ் குத்துன ஓட்டை சிமெண்டுத் தரையில கூட விழுந்துச்சு. அவளுக்குப் புரியாதத நான் சொல்லுவேன், எனக்குப் புரியாதத அவ சொல்லுவா, ரெண்டு பேருக்கும் புரியலன்னா புத்தகத்த தூக்கி எறிஞ்சுட்டு கொய்யாக்கா தின்னுட்டு மறுபடி எடுப்போம். அப்பா ஒரு நாளு புது ஜியோமெட்ரி பாக்ஸு வாங்கிகிட்டு வந்து படிக்கட்டுல வச்சுட்டுப் போனாரு. எடுத்துகிட்டேன். வாங்கிக் குடுத்தாருங்கறதுக்காகப் பேசிடல.

பரிட்சை எழுதினேன். கணக்குத் தாள்ல கிராஃப் வந்துச்சு, தொடுகோடு வந்துச்சு. என் கை தானா ஓடுச்சு.

மே மாசம் ரிசல்ட்டு. ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கே போயி போர்டுல பாத்தோம். எனக்கு கணக்குல நாப்பத்தி மூணு. அவளுக்கு முப்பத்தி ஏழு. நாங்க போட்ட கூச்சல்ல வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுகிட்டு அந்த வெயில்ல குதிச்சோம். ஐநூறுக்கு நானூத்தி எம்பது வாங்கினவ எல்லாம் அமைதியா நிக்கறா, நாப்பத்தி மூணும் முப்பத்தி ஏழும் குதிக்குது. எனக்கு இது வரைக்கும் வாழ்க்கையில அதுக்கு மேல ஒரு மார்க்கு கெடைக்கல.

பெரிய மேடம் வெளிய வந்து என் தோளத் தட்டி, "பாத்தியா கண்ணா, எனக்கு அப்பவே தெரியும்"னாங்க.

"என்ன தெரியும் மேடம், காமாலை இல்லங்கறதா?"

பக்கத்துல நின்ன ரெண்டு மூணு பெத்தவங்க திரும்பிப் பாத்தாங்க. மேடம் சிரிச்ச மாதிரியே உள்ள போயிட்டாங்க. வராந்தாவுல தமிழ் டீச்சர் என் கையப் புடிச்சுகிட்டாங்க. "அந்த லெட்டர எழுத மாட்டேன்னு சொன்னா வேலை போயிரும்மா"ன்னு கண்ணு கலங்கினாங்க. இருக்கலாம். அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. "சரி டீச்சர்"னு சொல்லிட்டு கைய விடுவிச்சுகிட்டேன். மன்னிச்சுட்டேன்னு சொல்லல, ஏன்னா மன்னிக்கல.

ஒரு வாரம் கழிச்சு டி.சி. வாங்கப் போனோம், கவர்மெண்டு ஸ்கூல்ல பிளஸ் ஒன் சேர்றதுக்கு. நூறு சதவீதத்தோட புது பேனரு கட்டியிருந்தாங்க. அந்த வருஷம் எழுதினவங்க வரைக்கும் அது நெசம்தான், நாங்க ரெண்டு பேரும் அதுல சேந்திருந்தோம். ஆபீஸ்ல அப்பாகிட்ட பாரத்த நீட்டி கையெழுத்து போடச் சொன்னாங்க. அப்பா பேனாவ வாங்கிக்கல. "இருங்க, எம்பொண்ணு முழுசா படிச்சுச் சொல்லட்டும்"னு என் பக்கம் தள்ளினாரு. நான் ஒரு வரி விடாம சத்தமா படிச்சேன். கிளார்க்கு கொட்டாவி விட்டாரு. முடிஞ்சப்பறம்தான் அப்பா கையெழுத்து போட்டாரு.

பஸ் ஸ்டாப்புல நின்னோம். வெயிலு கொளுத்துது. அப்பா துண்டால கழுத்த தொடைச்சுகிட்டே, "இன்னும் கோவமா பாப்பா"ன்னாரு.

"ஆமா."

"இனிமே அப்பா சொன்னா நம்புவியா?"

நம்பறேன்பான்னு சொல்லியிருக்கலாம். மனுஷன் குளுந்து போயிருப்பாரு. ஆனா அது பொய்யா இருந்திருக்கும், எங்க வீட்டுல அந்த வருஷத்துக்கு வேண்டிய பொய்ய ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு. அதனால நல்லா யோசிச்சேன். மேடம் ரூம்ல தரையைப் பாத்துகிட்டு நின்னத யோசிச்சேன், அப்பறம் நிமிந்து இல்லன்னு சொன்னத யோசிச்சேன்.

"முப்பத்தஞ்சு மார்க்கு போடறேன்"னேன்.

அவரு திரும்பி என்னைப் பாத்தாரு. "பாஸ்தானே அது?"

"ஜஸ்ட் பாஸ்."

ஸ்டாப்புல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாக்கற மாதிரி சிரிச்சாரு. சிரிக்கறப்பவே கண்ணுல தண்ணி வந்துச்சு, துண்டால மூஞ்சிய மூடிகிட்டாரு. நான் சிரிக்கல. பஸ்ஸு வந்துச்சு, ஏறினோம். ரெண்டு பேரு சீட்டு ஒண்ணு காலியா இருந்துச்சு, நான் ஜன்னலோரம் நகந்து உக்காந்து அவருக்கு இடம் விட்டேன்.